கல்லீரல் தானத்துக்கு முன் எடுக்கும் சிடி ஸ்கேன்: டெல்டா ஸ்கேன் சென்டர்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது, மகன் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்திருக்கிறான். அறுவை சிகிச்சை சென்னையிலோ திருச்சியிலோ நடக்கும். டோனருக்கான, அதாவது கொடுப்பவருக்கான, சிடியைப் பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிடுவார்கள். ஆனால் கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பம் என்றால், அலைச்சலுக்கு அஞ்சி, "இங்கேயே எடுத்துட்டுப் போயிடுறோம்" என்று சீட்டோடு உங்கள் கவுன்டருக்கு வந்து நிற்பதும் உண்டு. அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனுக்கும், ரிப்போர்ட் எழுதப் பழகும் இளம் டாக்டருக்கும் இந்தக் குறிப்பு.

ஒன்றை முதலில் மனத்தில் வையுங்கள். மேசையில் படுத்திருப்பவர் நோயாளி இல்லை, நல்ல ஆரோக்கியமான மனிதர். இந்தக் கதிர்வீச்சாலும், ரத்தக்குழாயைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசியாலும் அவர் உடம்புக்கு எந்தப் பலனும் கிடையாது. படம் சரியாக வராமல் திரும்ப எடுக்க நேர்ந்தால், அந்தக் கூடுதல் சுமை முழுக்க அவர் தலையில்தான். கீழே சொல்லும் எல்லாமே ஒரே தடவையில் சரியாக எடுப்பதற்கான வழிகள்.

சீட்டு வந்ததும் பார்க்க வேண்டியவை

சிடி முதல் பரிசோதனை இல்லை. ரத்தப் பிரிவு பொருத்தம், கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, மஞ்சள்காமாலை பி, சி, எச்ஐவி, ஒரு அல்ட்ராசவுண்ட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ரத்தப் பிரிவே பொருந்தாதவருக்கோ, ஹெப்படைட்டிஸ் பி உள்ளவருக்கோ சிடி எடுத்து என்ன பயன்? சீட்டில் இந்த விவரம் இல்லையென்றால், அனுப்பிய ஆஸ்பத்திரியின் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு ஒரு போன் போடுங்கள். அதே போனில் இன்னும் இரண்டு கேள்வி: எந்தப் பகுதியை எடுப்பதாகத் திட்டம், பெறுபவரின் எடை என்ன?

பெரியவருக்குக் கொடுப்பதானால் பெரும்பாலும் வலது மடல், அதாவது கல்லீரலை எட்டாகப் பிரித்து எண்ணுவதில் 5 முதல் 8 வரையான பகுதிகள். குழந்தைக்கு என்றால் இடது ஓரத்தில் உள்ள 2, 3 ஆகிய இரண்டு பகுதிகளே போதும். எதை எடுப்பார்கள் என்று தெரிந்தால்தான் எந்த ரத்தக்குழாயை உற்றுப் பார்ப்பது என்று தெரியும்.

சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை சமீபத்தியதாக இருக்கட்டும். ஆஸ்துமா, பழைய கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை, தைராய்டு, சர்க்கரை மாத்திரை இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். "எதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று மொத்தமாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். நாட்டு மருந்து, சூரணம், உடம்பு ஏற்றுகிற பொடி என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். பெண் டோனர் என்றால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம்.

பெயரை ஆதாரில் உள்ளபடியே பதியுங்கள், இனிஷியல் உட்பட. ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்பது நம் ஊரில் சாதாரணம். ஆனால் 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறவை நிரூபிக்கும் கோப்பு ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருக்கும். படத்தில் உள்ள பெயர் வேறாக இருந்தால், "இது யார் படம்?" என்ற கேள்வி வந்து நாள் கடக்கும்.

தயார் செய்வது

நான்கு மணி நேரம் திட உணவு வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் சொல்லுங்கள். சம்பா நடவு நேரத்தில் காலையிலேயே வயலில் நின்றுவிட்டு, பஸ் பிடித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து சேருபவர்கள் இருக்கிறார்கள். "வெறும் வயிறு" என்று சொன்னதைத் தண்ணீருக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டிருப்பார்கள். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை, நரம்பும் கிடைக்காது.

வயிற்று ஸ்கேன் என்றாலே குடிக்கும் கான்ட்ராஸ்ட் கலக்கிக் கொடுக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. குடலில் வெள்ளையாக நிற்கும் மருந்து, பக்கத்தில் ஓடும் மெல்லிய தமனிகளை மறைத்துவிடும். ஸ்கேனுக்குச் சற்று முன் இரண்டு டம்ளர் தண்ணீர் போதும்.

முழங்கை மடிப்பில் பச்சை கேனுலா, அதாவது 18 கேஜ். ரோஸ் கேனுலா வைத்துவிட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேகம் குறைந்தால் தமனிப் படம் மங்கும். புறங்கையில் நீலக் கேனுலா என்றால் அன்றைக்கு ஸ்கேனே வேண்டாம். ஊசி போட்டபின் 10 மி.லி. சலைனைக் கையால் வேகமாகத் தள்ளி, வீக்கம் இல்லை, வலி இல்லை என்று உறுதி செய்துகொண்டு இன்ஜெக்டரை இணையுங்கள்.

மூச்சுப் பயிற்சியை யாரும் மதிப்பதில்லை. எங்கள் கணக்கில் பாழாகும் படங்களில் பெரும்பங்கு இங்கேதான். மேசையில் படுக்க வைப்பதற்கு முன்பே மூன்று முறை பழக்குங்கள். "நல்லா மூச்ச இழுங்க, அப்படியே நிப்பாட்டுங்க" என்று சொல்லி, பத்து வரை எண்ணுங்கள். மெஷினில் பதிவாகியிருக்கும் குரல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அதை நிறுத்திவிட்டு நீங்களே மைக்கில் பேசுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். தமனிப் படத்தையும் சிரைப் படத்தையும் பிறகு ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவார்கள். கல்லீரல் இரண்டு செ.மீ. இறங்கி ஏறியிருந்தால் பொருந்தாது. மூச்சை விட்ட நிலையில் எடுத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: உதரவிதானத்தின் தசைநார், கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் ரத்தம் தரும் சீலியாக் தமனியின் மேல் அழுந்தி, இல்லாத அடைப்பு இருப்பதுபோலக் காட்டும்.

மூன்று சுற்று, அதற்கு மேல் வேண்டாம்

முதல் சுற்று கான்ட்ராஸ்ட் இல்லாமல். நோக்கம் கொழுப்பை அளப்பது மட்டுமே, ஆகவே கல்லீரலும் மண்ணீரலும் அடங்கினால் போதும். இடுப்பு வரை இறக்காதீர்கள். இந்தச் சுற்றை 120 கேவியில் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) எடுங்கள். கேவி மாறினால், திசுவின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் மாறும். நாம் ஒப்பிடும் எல்லைகள் 120-ஐ வைத்து வகுத்தவை.

இரண்டாவது தமனிக் கட்டம். மி.லி.க்கு 350 மி.கி. அயோடின் உள்ள மருந்து, கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.லி. வரை. 60 கிலோ ஆளுக்கு 100 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் நொடிக்கு 4 முதல் 5 மி.லி., பின்னாலேயே 30 முதல் 40 மி.லி. சலைன். உதரவிதான மட்டத்தில் மகாதமனியில் அளவிடும் வட்டம் வைத்து, ஹவுன்ஸ்ஃபீல்டு எண் 120-ஐத் தொட்டதும் எட்டுப் பத்து நொடி கழித்துப் படம். கேவியை 100-க்கு இறக்கினால் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும், கதிர்வீச்சும் குறையும். பருமனான ஆளுக்கு மட்டும் 120 கேவியிலேயே விடுங்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை நிரம்புவதற்குள் இந்தக் கட்டம் முடிந்துவிட வேண்டும்.

மூன்றாவது சிரைக் கட்டம், ஊசி தொடங்கியதிலிருந்து 70 முதல் 75 நொடி. 60-லேயே எடுத்துவிட்டால் போர்ட்டல் சிரை நன்றாக இருக்கும், ஆனால் கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகள் கறுப்பாகவே நிற்கும். டோனர் படத்தில் இதைவிடப் பெரிய குறை இல்லை.

சாதாரணக் கல்லீரல் கட்டி புரோட்டோகாலில் மூன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தாமதக் கட்டம் சேர்ந்தே வரும். அதை நீக்கிவிடுங்கள். டோனருக்கு அது வெறும் டோஸ். சந்தேகமான கட்டி ஏதாவது கண்ணில் பட்டால் எம்ஆர்ஐ இருக்கிறது.

மின்சாரம் பற்றி ஒரு சொல். ஸ்கேன் பாதியில் லைன் போய், ஜெனரேட்டர் ஏறுவதற்குள் தமனிக் கட்டம் கடந்துவிடும். மருந்து உடம்புக்குள் போய்விட்டது, படம் இல்லை. டோனர் ஸ்கேனுக்கு முன் யுபிஎஸ் பேட்டரி அளவைப் பாருங்கள். மழைக்காலத்தில், அடிக்கடி லைன் போகும் நாளில், ஜெனரேட்டரை முன்பே ஓடவிட்டு எடுப்பது நல்லது.

படம் முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், கேனுலாவை உடனே எடுக்காதீர்கள். அட்ரினலின் 0.5 மி.கி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடத் தயாராக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பூட்டிய அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

கொழுப்பை அளப்பது

பிளெயின், அதாவது கான்ட்ராஸ்ட் இல்லாத, படத்தில் கல்லீரலின் சராசரி எண்ணிலிருந்து மண்ணீரலின் சராசரி எண்ணைக் கழியுங்கள். விடை 5-க்கு மேல் என்றால் கவலைப்படும் அளவு கொழுப்பு இல்லை. 5-க்கும் மைனஸ் 10-க்கும் நடுவில் என்றால் லேசிலிருந்து மிதம் வரை, சுமார் 6 முதல் 30 சதவீதம். மைனஸ் 10-க்குக் கீழே போனால் 30 சதவீதத்தைத் தாண்டியிருக்கலாம், பொதுவாக அந்தக் கல்லீரலை அப்படியே எடுக்க மாட்டார்கள்.

கணக்கு எளிது, தப்புவது வட்டம் வைக்கும் இடத்தில். ஒரே இடத்தில் ஒரு வட்டம் போட்டு எண்ணை எழுதுவது பழக்கமாகிவிட்டது. எல்லாப் பகுதியிலும் ரத்தக்குழாயைத் தவிர்த்து வையுங்கள், பல அடுக்குகளில் இருபது இருபத்தைந்து வட்டம் வைப்பதுதான் முறை. பித்தப்பையை ஒட்டிய இடத்தில் கொழுப்பு படியாமல் விட்டுப்போயிருக்கும், ஃபால்சிஃபார்ம் தசைநார் பக்கத்தில் திட்டாகக் கூடியிருக்கும். இரண்டையும் தொடாதீர்கள். கல்லீரலில் இரும்புச் சத்து சேர்ந்தவருக்கோ, இதயத் துடிப்புக்கான அமியோடரோன் மாத்திரை சாப்பிடுபவருக்கோ கல்லீரல் எண் செயற்கையாக ஏறும், கொழுப்பு மறைந்துகொள்ளும். முன்பு மருந்துப் பட்டியலைத் துருவிக் கேட்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

கொழுப்பு இருக்கிறது என்பதோடு கதை முடிவதில்லை. எடையைக் குறைத்து, நடந்து, சோற்றின் அளவைக் குறைத்து, மதுவை அறவே விட்டால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கல்லீரல் தெளிவதுண்டு. அப்போது மறுபடி மூன்று சுற்று எடுக்க வேண்டியதில்லை. பிளெயின் மட்டும் போதும், எம்ஆர்ஐ வசதி இருந்தால் அதுவே மேல்.

பாசனமும் வடிகாலும்

ரத்தக்குழாய்களைப் படிக்க டெல்டாக்காரர்களுக்குத் தனிப் பாடம் தேவையில்லை. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்று, வெளியேறும் வடிகால் ஒன்று. வரத்து மட்டும் இருந்து வடிகால் அடைத்தால் பயிர் அழுகும். கல்லீரலும் அப்படியே. ஹெப்பாட்டிக் தமனியும் போர்ட்டல் சிரையும் வரத்து, ஹெப்பாட்டிக் சிரைகள் வடிகால். வெட்டி எடுக்கும் துண்டுக்கும், டோனரிடம் மிஞ்சும் துண்டுக்கும் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். புதிதாக ரிப்போர்ட் எழுதுபவர்கள் எடுக்கும் துண்டைப் பற்றியே எழுதி, மிஞ்சுவதை மறந்துவிடுகிறார்கள்.

தமனியில் பாடப்புத்தக அமைப்பு ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். வலது தமனி, குடலுக்குப் போகும் சுப்பீரியர் மெசன்டெரிக் தமனியிலிருந்து தனியாகக் கிளம்பலாம். வலது மடல் எடுப்பதற்கு இது பெரும்பாலும் வசதியே, நீளமான காம்பு கிடைக்கும். இடது தமனி இரைப்பையின் இடது தமனியிலிருந்தும் வரலாம். கவனம் தேவைப்படுவது நான்காம் பகுதிக்குப் போகும் மெல்லிய கிளை. அது வலது தமனியிலிருந்து பிரிந்தால், வலது மடலை எடுக்கும்போது டோனரிடம் தங்கும் நான்காம் பகுதி வரத்தை இழக்கலாம். எங்கிருந்து கிளம்புகிறது, வெட்டுமிடத்துக்கு எவ்வளவு முன்னால் என்று மி.மீட்டரில் எழுதுங்கள்.

போர்ட்டல் சிரை வழக்கமாக இரண்டாகப் பிரியும். சிலருக்குக் கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் ஒரே இடத்தில் பிரிவதைப் போல, வலது முன், வலது பின், இடது மூன்றும் ஒரே புள்ளியில் பிரியும். இன்னும் சிலருக்கு வலது பின்கிளை முதலிலேயே கழன்றுவிடும், முன்கிளை அதற்கப்புறம் இடதோடு சேர்ந்து போய்ப் பிரியும். இந்த இரண்டிலும் வலது மடலை எடுத்தால் கையில் இரண்டு வாய் வரும். இரண்டு வாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை அறுவை நிபுணர் கட்டாயம் கேட்பார். போர்ட்டல் மாறியிருக்கும் ஆளுக்குப் பித்தநாளமும் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம். பித்தநாளத்தைச் சிடியில் தேடிப் பயனில்லை, அதற்கு எம்ஆர்சிபி, அதாவது பித்தநாளத்தைக் காட்டும் எம்ஆர்ஐ, எடுத்தாக வேண்டும்.

இனி வடிகால். வெட்டும் கோடு நடு ஹெப்பாட்டிக் சிரைக்குச் சற்று வலப்புறமாக ஓடும், அந்தச் சிரை பெரும்பாலும் டோனரிடமே தங்கிவிடும். ஆனால் எடுத்துச் செல்லும் வலது மடலின் 5, 8 பகுதிகளிலிருந்து கிளைகள் அந்த நடுச்சிரையில்தான் வடிகின்றன. கோடு அவற்றை அறுத்துக்கொண்டு போகும். 5 மி.மீ.க்கு மேல் பருமனான கிளை அறுந்தால், துண்டின் முன்பகுதி தண்ணீர் கட்டிய வயலாகிவிடும், ஆகவே ஒட்டுக்குழாய் வைத்து இணைப்பார்கள். அதேபோல வலது மடலின் அடிப்பகுதியிலிருந்து நேராகப் பெருஞ்சிரையில் விழும் கீழ்வலது சிரையும் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் தனியாக இணைக்க வேண்டும். பருமன், எத்தனை, முதன்மை வலது சிரை விழுமிடத்திலிருந்து செங்குத்தாக எவ்வளவு கீழே, இந்த மூன்றையும் எழுதுங்கள். "ஹெப்பாட்டிக் வெயின்கள் இயல்பு" என்று ஒரு வரியில் முடித்த ரிப்போர்ட்டை வைத்து யாரும் கத்தி எடுக்க முடியாது.

வண்ண முப்பரிமாணப் படம் குடும்பத்துக்குக் காட்ட அழகு. அளப்பதற்கு அதை நம்பாதீர்கள், மெல்லிய கிளைகள் அதில் உதிர்ந்துபோகும். குறுக்குவெட்டுப் படத்திலும், 5 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள மிப் படத்திலும் (அந்தத் தடிமனில் மிகப் பளிச்சென்ற புள்ளிகளை மட்டும் சேர்த்துக் காட்டுவது) பாருங்கள்.

கன அளவு

சிரைக் கட்டத்தில் கல்லீரல் ஓரத்தை வரைந்து மொத்தத்தைக் கணக்கிட்டு, வெட்டும் கோட்டால் பிரிக்க வேண்டும். பித்தப்பை, பெருஞ்சிரை, பெரிய பிளவுகளை விலக்குங்கள். தானாக வரையும் மென்பொருள் சில நேரம் வலது சிறுநீரகத்தின் ஓரத்தையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். கடைசியில் ஒருமுறை அடுக்கடுக்காக ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு எல்லைகள். டோனரிடம் மிஞ்சுவது மொத்தத்தில் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பல குழுக்கள் 35 வைத்துக்கொள்வார்கள். பெறுபவருக்குப் போகும் துண்டு அவர் உடல் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு.

மொத்தம் 1,200 மி.லி., வலது மடல் 740 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 460, அதாவது 38 சதவீதம். பெறுபவர் 68 கிலோ என்றால் தேவை 544 கிராம். ஒரு மி.லி.யை ஒரு கிராமாகக் கொள்வது வழக்கம், ஆனால் படத்தில் இருப்பது ரத்தம் நிறைந்த கல்லீரல். வெளியே எடுத்துக் கழுவியபின் எடை குறையும். பத்து சதவீதம் கழித்தாலும் 666 கிராம், போதும். இன்னொருவருக்கு மொத்தம் 1,100, வலது மடல் 790 என்றால் மிஞ்சுவது 310, அதாவது 28 சதவீதம். துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வலது மடலை அவரிடம் எடுக்க முடியாது.

பெறுபவரின் எடையில் ஒரு பொறி இருக்கிறது. வயிற்றில் நீர் கோத்தவர் தராசில் 74 காட்டுவார், அதில் ஆறு லிட்டர் வெறும் நீர். நீர் நீங்கிய எடையைக் கோஆர்டினேட்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

வாயை எங்கே மூட வேண்டும்

கன்சோல் அறைக் கண்ணாடிக்கு வெளியே மொத்தக் குடும்பமும் நிற்கும். "தம்பி, எல்லாம் பொருந்துதா?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். "படம் நல்லா வந்திருக்கு ஐயா, டாக்டர் பார்த்துச் சொல்வாங்க" என்பதோடு நிறுத்துங்கள். "கொழுப்பு இருக்கு, தேறாது" என்று உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால், வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பையன் மேல் பழி விழுந்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊசி போடும் நேரத்தில் டோனர் உங்களோடு தனியாக இருப்பார். "எனக்குப் பயமா இருக்குண்ணே, வீட்ல சொல்ல முடியல" என்று அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடும். சமாதானம் சொல்லி மேசையில் ஏற்றாதீர்கள். ஸ்கேனை நிறுத்தி, கோஆர்டினேட்டரிடம் அவரையே பேச வையுங்கள், குடும்பத்திடம் சொல்லாதீர்கள். மருத்துவக் காரணத்தைக் காட்டி அவரை மரியாதையாக விலக்கும் வழி அவர்களுக்குத் தெரியும்.

அனுப்புவது

ஃபிலிம் போதாது. 5 மி.மீ. படங்கள் மட்டும் பதிந்த குறுந்தகடும் போதாது. டெல்டாவிலிருந்து போகும் டோனருக்குச் சென்னையில் மறுபடி ஸ்கேன் எடுக்கும்படி ஆவது பெரும்பாலும் இதனால்தான். மூன்று கட்டங்களையும் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிமனில், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி, மென்மையான கெர்னலில் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் அமைப்பு) அமைத்து, மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்பு வடிவில் கொடுங்கள். பல சென்டர்களில் மெல்லிய படங்கள் சில நாளில் மெஷினிலிருந்து தானாக அழிந்துவிடும். ஆகவே அன்றைக்கே பதியுங்கள். பதிந்ததை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை படம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை உறை மேல் எழுதி, இரண்டு பிரதியாகக் கொடுங்கள். ரயிலில் போகும்போது ஒன்று உடைந்தாலும் இன்னொன்று இருக்கும்.